திருவிழாவுக்கு முன்னாடி மனு: பந்தோபஸ்து கேக்குறதா, பீஸ் கமிட்டியா, கோர்ட்டா, எல்லாத் துறையும் உக்கார்ற கூட்டுக் குழுவா?

மேலூர் பக்கம் எங்க ஊர்லயும் சுத்துப்பட்டுல நாலஞ்சு ஊர்லயும் இப்ப இதான் பேச்சு. போன திருவிழாவுல முளைப்பாரி போற பாதை விசயமா ரெண்டு தெருவுக்கும் நடுவுல உரசல் ஆகிப்போச்சு, அடிதடி வரைக்கும் போகல, ஆனா இன்னும் பத்து நிமிசம் விட்டிருந்தா போயிருக்கும். இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாதுனு ரெண்டு தெருப் பசங்களும் ஒண்ணா சேந்து திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம்னு முடிவு பண்ணிருக்காங்க. ஒரே மனுவுல ரெண்டு தெருக்காரங்களும் கையெழுத்துப் போடுறாங்கங்கிறதே எங்க பக்கம் பெரிய விசயம். சிக்கல் என்னண்டா, மனுவுல எதைக் கேக்குறதுனு நாலு கருத்து. ஒருத்தர் போலீஸ் பந்தோபஸ்து கேளுங்கிறாரு, இன்னொருத்தர் தாலுகா ஆபீஸ்ல பீஸ் கமிட்டி, அதாவது அமைதிப் பேச்சுவார்த்தை போதும்ங்கிறாரு, வக்கீலுக்குப் படிக்கிற தம்பி ஒருத்தன் நேரா ஐகோர்ட் பெஞ்சுக்குப் போகலாங்கிறான், நாலாவதா எல்லாத் துறையும் மாசாமாசம் உக்கார்ற மாதிரி ஒரு குழு கேக்கலாம்னு ஒரு பேச்சு.

நான் வருவாய்த்துறையில ரொம்ப வருசம் இருந்து ரிட்டயர் ஆனவன், பீஸ் கமிட்டி மீட்டிங்குக்கு நோட்டீஸ் அடிச்சு, சேர் போட்டு, நடவடிக்கைக் குறிப்பு எழுதி கையெழுத்து வாங்குன ஆளு. நாலையும் கிட்டத்துல இருந்து பாத்திருக்கேன். பசங்க கேட்டாங்க, அவங்களுக்குச் சொன்னதை கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன், உங்க ஊருக்கும் ஆகும்.

முதல்ல ஒண்ணு. சண்டை திருவிழா அன்னைக்கு வர்றது இல்ல. அன்னைக்கு வெடிக்குது அம்புட்டுதான். அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே அது ஏதாவது ஒரு ஆபீஸ்ல மனுவா கிடக்கும். மோட்டார் ரிப்பேர் ஆகி கீழத்தெருவுக்கு தண்ணி வரலைனு ஊராட்சி ஆபீஸ்ல சொல்லிருப்பாங்க. சுடுகாட்டுப் பாதையில ஒருத்தர் கல் ஊண்டிட்டாருனு விஏஓ கிட்ட எழுதிக் குடுத்திருப்பாங்க. பள்ளிக்கூடத்துல கையில கலர் கயிறு கட்டுன விசயமா ரெண்டு பசங்க அடிச்சிருப்பாங்க, அது ஹெட்மாஸ்டர் ரூமோட நின்னிருக்கும். பஸ் ஸ்டாப்ல பிளக்ஸ் கிழிஞ்சிருக்கும், அது ஸ்டேஷன்ல வழக்காகாம சிஎஸ்ஆர்ங்கிற புகார் ரசீதோட நின்னிருக்கும். கோயில் அறநிலையத்துறைக் கோயிலா ஊர்க் கோயிலாங்கிற குழப்பம் பத்து வருசமா இருக்கும். கண்மாய் மீன்பாசி ஏலப் பணம் யார் கணக்குலனு ஒரு புகைச்சல் இருக்கும், அந்தக் கண்மாயே யார் துறைங்கிறது ஆயக்கட்டு, அதாவது அது பாயுற நிலப்பரப்பைப் பொறுத்தது, 40 ஹெக்டேருக்கு மேல பாயுற கண்மாய்னா நீர்வளத்துறை, அதுக்குக் கீழனா ஊராட்சி ஒன்றியம். இப்படி ஆறு ஆபீஸ்ல ஆறு மனு. ஒவ்வொரு ஆபீசருக்கும் அவர் கையில இருக்கிறது ஒரு சாதாரண மனுதான். ஆறையும் ஒரே மேசையில வச்சுப் பாத்தா இந்த ஊர் இந்த வருசம் தாங்காதுனு சின்னப் பையன் கூட சொல்லிருவான். அந்த ஒரே மேசைதான் இல்ல.

எல்லைக் குழப்பம் வேற. மதுரை மாவட்டத்துல 420 கிராம ஊராட்சி, 13 ஒன்றியம், 11 தாலுகா, நாலு வருவாய்க் கோட்டம். போலீஸ் ஸ்டேஷன் எல்லை ஒரு மாதிரி போகும், பிர்க்கா (சில கிராமம் சேந்த வருவாய் வட்டாரம்) எல்லை வேற மாதிரி, ஒன்றிய எல்லை இன்னொரு மாதிரி. கிராமத்துப் பக்கம் எஸ்பி, சிட்டிக்குள்ள கமிஷனர். நகரத்தை ஒட்டி இருக்க ஊர்கள்ல ஒரு தெரு ஒருத்தர் கையிலயும் அடுத்த தெரு இன்னொருத்தர் கையிலயும் இருக்கும். இதை மனசுல வச்சுக்கிட்டு நாலு வழியையும் பாருங்க.

பந்தோபஸ்துல இருந்து வர்றேன், ஏன்னா முதல்ல எல்லார் வாயிலயும் வர்றது அதான். இதோட பலம் வேகம். நாளைக்கு திருவிழா, இன்னைக்கு நிலைமை சரியில்லைனா வேற எதுவும் உதவாது, வேன் வந்து நிக்கணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. சட்டத்துல வழியும் இருக்கு. தடை உத்தரவு போடுற பழைய 144 இப்ப பிஎன்எஸ்எஸ்ங்கிற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 163, அமைதியா இருப்பேன்னு எழுதி வாங்குற பழைய 107 இப்ப 126, 2024 ஜூலை 1-ல இருந்து புது நம்பர். 163 போட்டா பொதுவா ரெண்டு மாசம் வரைக்கும்தான் செல்லும். 126-ல முச்சலிக்கா எழுதி வாங்குனா ஒரு வருசம் வரைக்கும் அந்த ஆள் அமைதியா இருக்கணும்.

ஆனா நடைமுறையில என்ன நடக்கும்னு பாருங்க. ஸ்டேஷன்ல நடுநிலையா இருக்கணும்ங்கிறதுக்காக ரெண்டு பக்கமும் சரிசமமா பத்துப் பத்துப் பேர் பேரை எழுதுவாங்க. தப்பு பண்ணவனும் அதுல இருப்பான், விலக்கிவிடப் போனவனும் இருப்பான். எங்க பக்கம் பாதிப் பசங்க விடியக்காலையில ரோட்டுல ஓடுறது போலீஸ் செலக்‌ஷனுக்கும் ஆர்மி செலக்‌ஷனுக்கும்தான், வெரிஃபிகேஷன்ல ஒரு வழக்கு நின்னுச்சுனா அந்தப் பையன் வாழ்க்கை அங்கயே நிக்குது. அவன் கோவம் அதிகாரி மேல திரும்பாது, எதிர்த்தெரு மேலதான் திரும்பும், உன்னாலதான்டா என் வேலை போச்சுனு. அடுத்த வருச சண்டைக்கு இந்த வருச பந்தோபஸ்துலயே விதை விழுந்துருது. தடை உத்தரவு போட்டா கடை வச்சிருக்கவங்க, கூலிக்குப் போறவங்க, கட்சி சார்பே இல்லாதவங்க எல்லாரும் சேந்து மாட்டுறாங்க. திருப்பரங்குன்றம் மலை வழிபாட்டு உரிமை விசயத்துல 2025 பிப்ரவரி 3, 4 ரெண்டு நாளும் மாவட்டத்துல தடை உத்தரவு இருந்துச்சு, அந்த ரெண்டு நாள் கடந்துச்சு, பிரச்சினை அதோட முடியலைங்கிறது எல்லாருக்கும் தெரியும்.

இதை விட கனமான பாடம் எங்க மேலூர் தாலுகாவுலயே இருக்கு. மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-ல பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டுச்சு. எதிர்ப்பு, மிரட்டல், தேர்தல் தடைபட்டது எல்லாம் தாண்டி கடைசியில போலீஸ் பாதுகாப்போட தேர்தலை நடத்துனாங்க, முருகேசன் தலைவரா ஜெயிச்சாரு. 1997 ஜூன் 30, கலெக்டர் ஆபீசுக்கு மனு விசயமா போயிட்டு திரும்பி வர்ற பஸ்ஸை மறிச்சு அவரோட சேத்து ஆறு பேரை வெட்டிக் கொன்னாங்க. ஓட்டுப் போடுற அன்னைக்கு காவல் இருந்துச்சு, அந்த நாளை காப்பாத்தியும் குடுத்துச்சு. அதுக்கடுத்த நாள்ல இருந்து அந்தத் தலைவர் எப்படி ஆபீஸ்ல போய் உக்காருவாரு, யார் அவரோட நிப்பா, எந்தத் துறை தினமும் அங்க போகும்ங்கிறதுக்கு யார்கிட்டயும் பதில் இல்ல. எனக்கு இதை எழுதுறப்ப இப்பவும் மனசு பதறுது. பந்தோபஸ்து ஒரு நாளுக்கு ஆகும், ஊருக்கு மீதி 364 நாளும் இருக்கே.

அடுத்து பீஸ் கமிட்டி. இதுதான் எங்க துறையோட கைப்பழக்கம். தாசில்தார் இல்லைனா ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமை, டிஎஸ்பி, இன்ஸ்பெக்டர், ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு பேரு. டீ வரும், பேச்சு ஏறும், இறங்கும், கடைசியில ஒரு தாள்ல நாலு பாயிண்ட் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்க. செலவு இல்ல, வழக்கு இல்ல, யாரும் ஜெயிச்சேன்னு வெளிய வந்து சொல்ல மாட்டாங்க. ரெண்டு பக்கமும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துப் பேசுற இடம் ஊருக்குள்ள இல்லாதப்ப அந்த மேசை பெரிய விசயம். நல்ல ஆர்டிஓ அமைஞ்சுட்டா எப்பேர்ப்பட்ட முறுக்கையும் தளத்திருவாங்க, அதை கண்ணால பாத்திருக்கேன்.

பலவீனம் மூணு இடத்துல. ஒண்ணு, வர்றவங்க யாருங்கிறது. கூப்புடுறப்ப விஏஓ யாரை எழுதுறாரோ அவங்கதான் வருவாங்க, பெரும்பாலும் அம்பலம் (ஊர்ப் பெரியதனம்) வீட்டு ஆளு, பழைய தலைவரு, கட்சிப் பொறுப்பு இருக்கவரு. பொம்பளைங்க ஒருத்தர் கூட இருக்க மாட்டாங்க, 20 வயசுப் பையன் இருக்க மாட்டான். தண்ணிக்காக கொடத்தோட நிக்கிறது பொம்பளைங்க, வாட்ஸப் ஸ்டேட்டஸ் வச்சு பத்த வைக்கிறது பசங்க. ரெண்டு பேரும் இல்லாம போட்ட கையெழுத்து யாரைக் கட்டுப்படுத்தும்? ரெண்டு, பலம் சமமா இல்லாத இடத்துல சமாதானம்னா இளைச்சவன் விட்டுக்குடுக்குறதுனு ஆகிரும். இந்த வருசம் மட்டும் நீங்க அந்தத் தெரு வழியா வராதீங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு எழுதி வாங்கிருவாங்க, அடுத்த வருசமும் அதே தாளை எடுத்துக் காட்டுவாங்க. சட்டப்படி இருக்க உரிமையை பேச்சுவார்த்தைத் தாள்ல குறைச்சு எழுதக் கூடாது, இதுல நான் ரொம்பக் கறாரு. மூணு, தொடர்ச்சி. அந்தத் தாள் எந்த ஃபைல்ல போகுது? தாசில்தார் மாறுனா புதுசா வர்றவருக்கு அப்படி ஒரு தாள் இருக்கிறதே தெரியாது. பாதையை அளந்து குடுப்போம்னு எழுதிருப்பாங்க, சர்வேயருக்கு நகல் போயிருக்காது. அடுத்த வருசம் அதே நாலு பாயிண்ட்டை தேதி மாத்தி மறுபடி எழுதுற கூட்டங்கள் எத்தனையோ உண்டு.

உத்தப்புரத்தை எடுத்துக்குங்க, பேரையூர் தாலுகா. 1989 கலவரத்துக்கு அப்புறம் பட்டியல் சமூகத் தெருவைப் பிரிச்சு எழும்புன சுவர். 2008 மே 6 நிர்வாகம் போலீஸை நிறுத்தி சுவர்ல ஒரு பகுதியை இடிச்சு பாதை விட்டுச்சு. அது செய்ய வேண்டிய வேலை, சந்தேகமே இல்ல. ஆனா அந்த வருசம் முடியுறதுக்குள்ளயே மறுபடி மோதல், அந்தப் பக்கம் துப்பாக்கிச்சூட்டுல ஒரு உயிரும் போச்சு. 2011-ல எஸ்பியா இருந்த அஸ்ரா கார்க் முன்னிலையில ரெண்டு பக்கமும் உக்காந்து ஒப்பந்தம் போட்டாங்க, அந்த நவம்பர்லயே பட்டியல் சமூக மக்கள் முத்தாலம்மன் மாரியம்மன் கோயிலுக்குள்ள போய் கும்புட்டாங்க. இடிக்கிற மெஷினால வராத ஒண்ணு பேச்சால வந்துச்சுனு அப்ப எல்லாரும் சந்தோசப்பட்டோம். அதுக்கப்புறமும் கோயில் விசயத்துல திரும்ப உரசல் வந்துச்சு. அதுக்காக அந்த ஒப்பந்தம் வீணுன்னு நான் சொல்ல மாட்டேன், அது நடக்கலைனா நிலைமை இன்னும் மோசமா இருந்திருக்கும். ஒரு நல்ல அதிகாரியோட முயற்சி அவர் மாறுதலுக்கு அப்புறமும் நிக்கணும்னா அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு அமைப்பு வேணும், அதைத்தான் உத்தப்புரத்துல நான் பாக்குறேன்.

கோர்ட் பத்தி சுருக்கமா சொல்லிர்றேன். 2004-ல மதுரைக்கு பெஞ்ச் வந்ததுல இருந்து திருவிழா சீசன்ல ரிட் மனுக்கள் குவியுது, முதல் மரியாதை யாருக்கு, ஆடல் பாடலுக்கு அனுமதி, மஞ்சுவிரட்டு யார் நடத்துறதுனு. அடிப்படை உரிமை மறுக்கப்படுது, நிர்வாகம் அசையலைன்னா கோர்ட்தான் வழி, அப்ப தயங்கக் கூடாது. அவனியாபுரம் ஜல்லிக்கட்டு நல்ல உதாரணம். உள்ளூர்ல யார் நடத்துறதுங்கிறதுல பிரிஞ்சு நின்னாங்க, கோர்ட் தலையிட்டுச்சு, 2020-ல ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில குழு போட்டு நடந்துச்சு, அப்புறம் மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் சேந்து நடத்துறாங்க. காளையும் ஓடுது, தையும் நல்லபடியா பிறக்குது. ஆனா கவனிங்க, கோர்ட் உத்தரவு போட்டதுக்கு அப்புறம் அங்கயும் வேலை செஞ்சது என்னது? மாநகராட்சி, வருவாய்த்துறை, போலீஸ், கால்நடைத்துறை, சுகாதாரத்துறை எல்லாம் ஒண்ணா உக்காந்ததுதான். எங்க ஊர் மாதிரி சின்ன ஊருக்கு வக்கீல் செலவே பாரம், அதோட ரிட் போட்டா ஒரு பக்கம் மனுதாரர், இன்னொரு பக்கம் எதிர்மனுதாரர்னு ஆகிருது. இப்ப ஒண்ணா நிக்கிற பசங்களை நாமளே ரெண்டா பிரிச்சு எழுத வேண்டி வரும். எனக்கு அது பிடிக்கல.

இப்ப நாலாவது. இதைத்தான் நான் கேக்கச் சொல்றேன், ஏன்னு முழுசா சொல்றேன்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மூணு ஊராட்சி, விருதுநகர் மாவட்டத்துல கொட்டகச்சியேந்தல். 1996-ல இந்த நாலும் பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்குனது. பத்து வருசம் தேர்தல் அறிவிப்பு வந்துக்கிட்டே இருந்துச்சு, ஒண்ணு யாரும் மனுத்தாக்கல் பண்ண மாட்டாங்க, இல்லைனா ஜெயிச்சவரு கையோட ராஜினாமா பண்ணிருவாரு. தேர்தல் கமிஷன் இருந்துச்சு, போலீஸ் இருந்துச்சு, சட்டம் இருந்துச்சு, அப்பவும் நடக்கல. 2006 அக்டோபர்ல நாலு ஊர்லயும் தேர்தல் நடந்துச்சு, தலைவர்கள் பதவியில உக்காந்தாங்க. அப்ப மதுரை கலெக்டர் உதயச்சந்திரன். அரசியல் உறுதி மேல இருந்து வந்துச்சு, அதை மறுக்க முடியாது, அந்த வருசமே சென்னையில முதலமைச்சர் கருணாநிதி சமத்துவப் பெருவிழானு வச்சு அந்தத் தலைவர்களை மேடை ஏத்துனாரு. ஆனா கீழ நடந்தது பொறுமையான வேலை, ஊர் ஊரா போய் உக்காந்து ரெண்டு பக்கமும் பேசுனது, மக்களுக்கு என்ன பயம், என்ன தேவைனு கேட்டது. ஒரு துறை மட்டும் போயிருந்தா அது ஆகிருக்காது. 2021 அக்டோபர் 2 அன்னைக்கு பாப்பாபட்டி கிராமசபையில முதலமைச்சர் ஸ்டாலின் வந்து உக்காந்தாரு. 15 வருசத்துக்கு முன்னாடி தலைவரே இல்லாத ஊருங்க அது.

சரி, அப்படி ஒரு அமைப்பை கேக்க நமக்கு ஆதாரம் இருக்கானா, இருக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, அதோட விதிகள் 1995. அதுல விதி 17 படி மாவட்டத்துல கலெக்டர் தலைமையில விழிப்பு கண்காணிப்புக் குழு, மூணு மாசத்துக்கு ஒருக்கா கூடணும். அப்புறம் வந்த ஒரு திருத்தத்துல 17ஏ வந்துச்சு, கோட்ட அளவுலயும் அதே மாதிரி குழு, அதாவது நமக்கு மேலூர் ஆர்டிஓ அளவுல. விதி 3 என்ன சொல்லுதுனா, பிரச்சினை வரக்கூடிய இடங்களை முன்கூட்டியே அடையாளம் காணணும், தடுப்பு நடவடிக்கை எடுக்கணும்னு. விதி 10-ல அப்படி அடையாளம் கண்ட பகுதிக்கு ஒரு சிறப்பு அலுவலரை போட்டு, கலெக்டர், எஸ்பி, மத்த துறைகளை அவர் ஒருங்கிணைக்கணும்னே இருக்கு. போலீஸ்ல சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவுனு தனியாவே ஒண்ணு இருக்கு. அதனால கூட்டுக் குழு கேக்குறது ஆகாத ஆசை இல்ல, எழுதி வச்ச வேலை. கீழ வரைக்கும் இறங்கல, அதான் குறை. ஆனா இந்த விதிகள் பட்டியல் சமூக, பழங்குடி மக்கள் மேல நடக்குற வன்கொடுமை சம்பந்தப்பட்டது. ரெண்டு இடைநிலைச் சாதிக்குள்ள வர்ற தகராறோ, மதம் சம்பந்தமான உரசலோ இதுக்குள்ள வராது. அதுக்கு கலெக்டரோட பொதுவான அதிகாரத்துலதான் குழு கேக்கணும். எங்க ஊர் விசயம் முதல் வகை, உங்க ஊர் எந்த வகைனு பாத்துக்குங்க.

நான் நினைக்கிற குழு பெருசு இல்ல. பிர்க்கா அளவுல, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) கூட்டுறவரா இருக்கணும். அந்தந்த ஊர் விஏஓ, ஸ்டேஷன் எஸ்ஐ, ஊராட்சிச் செயலர், ஒன்றியத்துல இருந்து ஒரு அலுவலர், மின்வாரிய ஏஇ (உதவிப் பொறியாளர்), ஹெட்மாஸ்டர், ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் ஆபீஸ்ல இருந்து ஒருத்தர், கோயில் விசயம் இருந்தா அறநிலையத்துறை ஆய்வாளர். மக்கள் பக்கம் ரெண்டு தெருவுல இருந்தும் மகளிர் குழு பொம்பளைங்க ரெண்டு ரெண்டு பேரு, பசங்க ரெண்டு ரெண்டு பேரு. பெரியவங்க வேணாம்ங்கலை, அவங்க மட்டும் வேணாம். மாசம் ஒருக்கா, ரெண்டு மணி நேரம், ஒரே ஒரு ரெஜிஸ்டர். அந்த மாசம் எந்தெந்த ஆபீஸ்ல என்னென்ன மனு வந்துச்சுனு படிக்கணும், ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒரு ஆபீசர் பேரு, ஒரு தேதி. அடுத்த கூட்டத்துல முதல் வேலை போன மாசத் தேதியெல்லாம் என்ன ஆச்சுனு பாக்குறது. முடியாத விசயம் ஆர்டிஓ குழுவுக்குப் போகணும்.

ஹெட்மாஸ்டர் எதுக்குனு பசங்களே கேட்டாங்க. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில பள்ளிக்கூடப் பையனை கூடப் படிக்கிறவங்களே வீடு புகுந்து வெட்டுன கொடுமைக்கு அப்புறம்தான் அரசு நீதிபதி சந்துரு தலைமையில ஒருநபர் குழு போட்டுச்சு, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு, கயிறு பொட்டுல இருந்து பள்ளிப் பேர்ல இருக்க சாதி அடையாளம் வரைக்கும் அதுல பேசிருக்காரு. ஊருக்குள்ள வர்ற காய்ச்சல் முதல்ல தெரியுறது வகுப்புலதான். எந்தப் பையன் யார் பக்கத்துல உக்கார மாட்டேங்கிறான்னு வாத்தியாருக்குத் தெரியும், எஸ்ஐக்குத் தெரியாது. ரெண்டு பேரும் மாசத்துல ஒரு நாள் ஒரே பெஞ்சுல உக்காந்தா போதும்.

நான் வேலை பாத்த ஒரு தாலுகாவுல ஒரு ஊரு, பேரு வேணாம். ரெண்டு தெருவுக்கும் ஒரே ஓவர்ஹெட் டேங்க், மேட்டுத் தெருவுக்கு கேட்வால்வு திறந்தா பள்ளத்துத் தெருவுக்கு வேகம் வராது. வேணும்னே அடைக்கிறாங்கனு இவங்களும், உடைச்சுட்டாங்கனு அவங்களும் ஆளுக்கு ஒரு ஆபீஸ்ல மனுக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. ஸ்டேஷன்ல அது தகராறு, ஊராட்சியில அது குழாய், எங்க ஆபீஸ்ல அது சட்டம் ஒழுங்கு. மூணு பேரும் ஒரு நாள் எதேச்சையா டேங்க் கிட்டயே சந்திச்சு நின்னப்ப, கூட வந்த ஆபரேட்டர் சொன்னாரு, பள்ளத்துத் தெருவுக்கு தனியா ஒரு லைனும் தனியா ஒரு வால்வும் போட்டா முடிஞ்சுச்சுனு. போட்டாங்க, முடிஞ்சுச்சு. அதுக்காக அங்க சாதி போயிருச்சுனு சொல்ல வரல, அது அப்படியேதான் இருந்துச்சு. ஆனா அந்த வருசக் கிடாவெட்டுல சண்டைக்கு இழுக்க ஒரு காரணம் குறைஞ்சுச்சு. ஊர்ல அமைதிங்கிறது இப்படி ஒவ்வொரு காரணமா குறைச்சுக்கிட்டே வர்றதுதான்னு நான் நம்புறேன்.

இதுக்கு எதிரா வர்ற கேள்விகளும் நியாயமானதுதான். ஆள் இல்லையேனு துறையில சொல்லுவாங்க. உண்மை, ஒரு விஏஓ ரெண்டு மூணு ஊரை கூடுதல் பொறுப்பா பாக்குறாரு, ஏஇக்கு கரண்ட் வேலையே தலைக்கு மேல. அதனாலதான் மாசம் ரெண்டு மணி நேரம்னு சொல்றேன், ஒரு திருவிழா பந்தோபஸ்துக்கு ராத்திரி பகலா நிக்கிற ஆள் நேரத்தோட சேத்துக் கணக்குப் பாத்தா இது ஒண்ணுமே இல்ல. இன்னொரு கேள்வி, இதுவும் கடைசியில டீ பிஸ்கட் மீட்டிங்கா போயிராதா? போகும், ரெஜிஸ்டரை ஊர்ல யாரும் பாக்க முடியலைனா கண்டிப்பா போகும். அதுக்கு மருந்து கிராமசபை. நம்ம மாநிலத்துல இப்ப வருசத்துக்கு ஆறு கிராமசபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொண்ணுலயும் அந்த ரெஜிஸ்டரை சத்தமா வாசிக்கணும்னு மனுவுலயே கேளுங்க. எந்த ஆபீசர் பேருக்கு நேரா தேதி தாண்டிப் போயிருக்குனு நூறு பேருக்கு முன்னாடி வாசிச்சா அந்த வேலை தானா நடக்கும்.

மூணாவது கேள்வி, தலைவரே இல்லாத காலத்துல இது எப்படி நடக்கும்ங்கிறது, அதுதான் எனக்கும் கவலை. மதுரை மாவட்டத்துல 2019-ல தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சுச்சு, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போச்சு. தலைவர், வார்டு மெம்பர்னு ஆள் இருந்தா நல்லவரோ கெட்டவரோ ராத்திரி பதினோரு மணிக்குக் கூட கதவைத் தட்டலாம். தனி அலுவலர்கிட்ட அது நடக்காது, அவர் கையில எத்தனையோ ஊராட்சி. அப்படித் தலைவர் இல்லாத காலத்துல எல்லா பாரமும் விஏஓ மேலயும் எஸ்ஐ மேலயும்தான் இறங்கும், அதனாலயே இந்தக் குழு இன்னும் அவசியம்ங்கிறது என் கணக்கு. தலைவர் இருக்கப்ப அவர் இந்தக் குழுவுல முதல் ஆளா உக்காரட்டும்.

ஊர்க்கூட்டம் போட்டு நாமளே பேசி முடிச்சா என்னன்னு ஒரு பெரியவர் கேட்டாரு. மந்தையில பேசுறதுனா அந்த மந்தையில எல்லாரும் சமமா உக்கார முடியணும். எங்க ஊர்ல இன்னும் அந்த நிலை வரல, அதனால அரசாங்க மேசைதான் சரி.

ஒண்ணை எடுத்தா மத்ததை விட்டுரணும்னு இல்ல. இந்த வருசத் திருவிழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, அதுக்குள்ள கூட்டுக் குழு காய்க்காது. அதனால மனுவை இப்படி எழுதச் சொல்லிருக்கேன். முதல் பத்தியில திருவிழாவுக்கு முன்னாடி ஆர்டிஓ தலைமையில ஒரு பேச்சுவார்த்தை, அதுல பொம்பளைங்களும் பசங்களும் கட்டாயம் இருக்கணும், முளைப்பாரிப் பாதையை சர்வேயர் வச்சு எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) படி அளந்து அன்னைக்கே காட்டணும், எந்தத் தெருவோட பாதை உரிமையும் குறையுற மாதிரி எதையும் எழுதி வாங்கக் கூடாது. ரெண்டாவது பத்தியில திருவிழா ரெண்டு நாளும் பந்தோபஸ்து, ஆனா பேர் லிஸ்ட் எடுக்குறதா இருந்தா நடத்தை பாத்து எடுக்கணும், தலைக்கணக்குக்காக எடுக்கக் கூடாது. மூணாவது பத்திதான் முக்கியம், பிர்க்கா கூட்டுக் குழு, மேல சொன்ன ஆட்கள், மாசம் ஒருக்கா, ரெஜிஸ்டர், கிராமசபையில வாசிப்பு, விதி 3, விதி 10, விதி 17ஏ மூணையும் நம்பர் போட்டு எழுதணும். நம்பர் போட்டு எழுதுன மனுவை கீழ இருக்க செக்‌ஷன்ல அவ்வளவு சுலபமா முடிச்சு வைக்க முடியாது. கோர்ட் பேச்சை இப்ப மனுவுல எடுக்கவே வேணாம். மூணு மாசத்துல குழு கூடலைனா அப்ப இந்த மனுவோட நகலே ரிட்டுக்கு முதல் ஆவணமா ஆகும்.

நகல் எஸ்பி ஆபீசுக்கும், மேலூர் ஆர்டிஓவுக்கும், ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும், ஒன்றிய ஆபீசுக்கும் தனித்தனியா குடுங்க, ஒவ்வொரு இடத்துலயும் தேதி போட்ட ரசீது வாங்கிருங்க. குறைதீர் நாள் மனு நம்பரை போன்ல போட்டோ எடுத்து ரெண்டு தெரு வாட்ஸப் குரூப்லயும் போடுங்க. போறப்ப ரெண்டு தெருவுல இருந்தும் ஆள் போகணும், ஒரே வண்டியில போங்க, பொம்பளைங்க நாலு பேராவது கூட வரட்டும். கலெக்டர் கேட்டா முதல்ல அவங்க பேசட்டும், தண்ணி விசயத்துல இருந்து ஆரம்பிச்சாலும் சரிதான்.